அரைக்கம்பத்துக் கொடியும் நம் சாவுகளும்



நினைவுச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, நினைவு என்பதைப் பற்றியே பேசிவிடலாம் என்று தோன்றியது. எந்தத் தோழரின் பெயரால் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவர் இறந்த மறுநாள் எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி வரவில்லை. மூன்றாம் நாள் நாமே கைக்காசு போட்டு அச்சடித்த துண்டறிக்கைதான் அவருக்கு வந்த ஒரே இரங்கல் செய்தி. ஒருவர் இறந்தால் ஊரும் நாடும் அழ வேண்டுமா, எத்தனை நாள் அழ வேண்டும், செய்தித்தாளில் எத்தனை பத்தி ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சாவுகளை வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்பீர்கள். அந்தத் துக்கம் நம் பரமக்குடி வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதே காரணம்.

ஒரே நாளில் இரண்டு துக்கம்

2022 செப்டம்பர் 8 அன்று இரண்டாம் எலிசபெத் ராணி ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் இறந்தார். செப்டம்பர் 11 அன்று இந்தியா முழுவதும் ஒருநாள் அரசு துக்கம் கடைப்பிடிக்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அரசு சார்பில் கேளிக்கை நிகழ்ச்சிகள் எதுவும் நடக்கவில்லை. விடுதலை பெற்று 75 ஆண்டு நிறைவை வீட்டுக்கு வீடு கொடியேற்றிக் கொண்டாடி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 11 நமக்கு வேறொரு நாள். 1957ஆம் ஆண்டு முதுகுளத்தூர் வட்டாரம் கொந்தளித்துக் கிடந்தபோது, மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தியாகி இம்மானுவேல் சேகரன் கலந்துகொண்டார். மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து தம் மக்களுக்காகப் பேசினார். அது செப்டம்பர் 10. மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர் அவர், வயது 32. அவருக்காக எந்தக் கொடியும் தாழவில்லை. அவருடைய மக்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் கல்லறைக்கு நடந்து வந்து, முளைப்பாரி எடுத்து, அந்த நாளை உயிரோடு வைத்திருந்தார்கள். 2011இல் அதே நாளில் அஞ்சலி செலுத்த வந்த மக்கள்மீது பரமக்குடியில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. துக்கத்துக்கு வந்தவர்களே பிணங்களானார்கள்.

இன்றும் செப்டம்பர் பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு வருகிறது. வாடகை வண்டியில் வரக் கூடாது, குறித்த பாதையில்தான் வர வேண்டும், முன் அனுமதி வாங்க வேண்டும் என்று விதிகள் வருகின்றன. அக்டோபரில் வரும் இன்னொரு விழாவுக்கும் சேர்த்துத்தானே தடை என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கொல்லப்பட்டவரின் நினைவையும் மற்றொரு தலைவரின் பிறந்தநாள் விழாவையும் ஒரே தராசில் நிறுத்தி, இரண்டையும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று எழுதுவதிலேயே ஓர் அரசியல் இருக்கிறது.

ஆக 2022 செப்டம்பர் 11 அன்று இந்த நாட்டில் இரண்டு துக்கங்கள் நடந்தன. ஒன்றை அரசு கடைப்பிடித்தது. மற்றொன்றை அரசு கண்காணித்தது. இந்த வேறுபாடு எப்படி உருவாகிறது என்பதே இன்றைய என் பேச்சு.

துக்கம் எப்படி ஏற்பாடாகிறது

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு எமில் டர்க்கைம் தெரிந்திருக்கும். சமய வாழ்வைப் பற்றி அவர் 1912இல் எழுதிய நூலில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சாவுச் சடங்குகளை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார். பொதுத் துக்கம் என்பது உள்ளத்திலிருந்து தானாகப் பொங்குவதன்று. குழு தன் உறுப்பினர்கள்மீது சுமத்தும் கடமை என்கிறார். மனத்தில் சோகம் இல்லாதவரும் அழுதாக வேண்டும். அழாவிட்டால் தண்டனை உண்டு.

பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் இந்தக் கடமை எப்படி அரங்கேறுகிறது என்று பாருங்கள். 2022 செப்டம்பர் 19 அன்று ராணியின் சவப்பெட்டியைப் பீரங்கி வண்டியில் வைத்து 142 கடற்படையினர் கயிறு கட்டி இழுத்துச் சென்றார்கள். தொன்றுதொட்டு வரும் மரபு என்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் உருகினார்கள். அந்த மரபின் பிறப்பு 1901 பிப்ரவரி 2. விக்டோரியா ராணியின் இறுதி ஊர்வலம் விண்ட்சர் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட வேண்டிய நேரம். குளிரில் நெடுநேரம் நின்ற குதிரைகள் மிரண்டு, பூட்டியிருந்த வார் அறுந்துபோனது. என்ன செய்வதென்று தெரியாமல், அங்கே அணிவகுத்து நின்ற கடற்படையினரை வண்டியை இழுக்கச் சொன்னார்கள். அன்றைய இக்கட்டு அடுத்த சாவில் வழக்கமானது; அதற்கடுத்த சாவில் புனித மரபானது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலில் டேவிட் கன்னடைன் இதைத்தான் விரிவாகக் காட்டுகிறார்: ஆயிரமாண்டுப் பழமை என்று காட்டப்படும் அரச சடங்குகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெகுமக்கள் பத்திரிகைகள் பெருகிய காலத்தில் உருவானவை.

பத்திரிகைக்கும் சாவுக்கும் உள்ள உறவுக்கு இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936 ஜனவரி 20 இரவு இறந்தார். 1930 நவம்பரில் முதல் வட்டமேசை மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் இவர்தான். அண்ணல் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் அந்த அவையில் அமர்ந்திருந்தார்கள். மன்னர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவருடைய மருத்துவர் டாசன் பிரபு எழுதிவைத்த குறிப்புகள் 1986இல் வெளியாயின. சாகக் கிடந்த மன்னருக்கு மார்பினும் கொக்கைனும் ஊசியில் செலுத்தி முடிவை விரைவுபடுத்தியதை டாசன் அதில் தாமே எழுதியிருந்தார். காரணங்களில் ஒன்று, மரணச் செய்தி தரம் குறைந்த மாலைத் தாள்களில் முதலில் வராமல் காலையில் டைம்ஸ் நாளிதழில் வர வேண்டும் என்பது. அச்சை நிறுத்திவைக்கும்படி டைம்ஸுக்குச் சொல்லச் சொல்லி லண்டனிலிருந்த தம் மனைவிக்கும் சொல்லியனுப்பியிருக்கிறார். ஒரு மன்னரின் கடைசி மூச்சு அச்சு இயந்திரத்தின் நேரத்துக்கு ஒத்திசைக்கப்பட்டது.

எலிசபெத்தின் சாவுக்கான திட்டம் 1960களிலேயே தொடங்கிவிட்டது. அதற்கு 'லண்டன் பாலம்' என்று மறைபெயர். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சவப்பெட்டியைக் காண ஏறக்குறைய 2,50,000 பேர் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 16.2 கோடி பவுண்டு என்று அந்நாட்டு நிதித்துறை பின்னர் கணக்குக் கொடுத்தது. அடக்க நாள் பொதுவிடுமுறை என்பதால் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறித்த நாட்கள் தள்ளிவைக்கப்பட்டன. புதிய மன்னரின் பிரகடனத்தின்போது 'இவரை யார் தேர்ந்தெடுத்தது' என்று கேட்ட ஒருவரை ஆக்ஸ்போர்டில் காவலர்கள் பிடித்தார்கள். டர்க்கைம் சொன்ன தண்டனை இதுதான்.

வரிசையில் நின்றவர்களின் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்ணீர் வந்து விழுவதற்கு வாய்க்கால் முன்பே வெட்டப்பட்டிருந்தது என்கிறேன்.

வாய்க்கால் வெட்டியவர்கள்

வாய்க்கால் என்றதும் சென்னையின் பக்கிங்காம் கால்வாய் நினைவுக்கு வருகிறது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அப்போது சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே கால்வாய் வெட்டப்பட்டது. அரை வயிற்றுக் கஞ்சிக்கு அதை வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஆளுநராக இருந்த பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பஞ்சம் சாதி பார்க்காது என்பார்கள். தானியக் குதிர் எந்த வீட்டில் இருந்தது, கூலி நின்றவுடன் அடுப்பு அணைந்தது எந்தத் தெருவில் என்று கேட்டால், பஞ்சத்துக்கும் சாதி தெரியும் என்பது விளங்கும்.

விக்டோரியா இறந்த 1901 ஜனவரியிலும் இதே கதைதான். 1899-1900இல் மேற்கு இந்தியாவையும் நடு இந்தியாவையும் வாட்டிய பெரும்பஞ்சத்தின் பிணவாடை அடங்கவில்லை. ராணிக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்றார் வைசிராய் கர்சன். சமஸ்தான மன்னர்களும் செல்வர்களும் நன்கொடை கொடுத்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவில், மக்ரானா பளிங்கில் கல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபம் எழுந்தது; 1921இல் திறக்கப்பட்டது. பஞ்சத்தில் மாண்ட லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தப் பளிங்கில் ஒரு துண்டுகூட இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் ஆட்சியின்மீது நம் முன்னோர்கள் வைத்திருந்த மதிப்பை வைத்து நம்மைத் தேசத்துரோகிகள் என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் அந்த ஆட்சியைச் சாதியிலிருந்து காக்கும் ஒரு கேடயமாகப் பார்த்தார். பொதுக்கிணறும் பள்ளியும் நியாயஸ்தலமும் சொந்த ஊரில் மூடிக் கிடந்தவர்களுக்கு, எங்கோ கடலுக்கு அப்பால் இருந்த ராணியின் பெயர் ஒரு பிடிமானமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மனிதனாக மதிக்காதபோது, தூரத்து ராணிமீது நம்பிக்கை வைப்பது அடிமைப்புத்தியன்று. அது ஊரின்மீதான குற்றப்பத்திரிகை.

1997: டயானாவும் மேலவளவும்

நான் பிளஸ் டூ படித்த ஆண்டு 1997. ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் கார் விபத்தில் இளவரசி டயானா இறந்தார். எங்கள் காலனியில் என் அத்தை, பேப்பரில் வந்த டயானா படத்தைக் கத்தரித்துச் சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினார். அவர் எந்த ராணியையும் அறியாதவர். புகுந்த வீட்டில் அடிபட்டுத் திரும்பி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. "பாவம், அவளுக்கும் மாமியா கொடுமதானாம்" என்றார். அத்தை அழுதது டயானாவுக்காக மட்டுமா? தன் துக்கத்தைச் சொல்ல அவருக்கு வேறு இடமில்லை. உலகமே அழ அனுமதித்த ஒரு சாவின் மடியில் தன் அழுகையையும் வைத்துக்கொண்டார். இத்தகைய கண்ணீரைக் கேலி செய்யும் முற்போக்கு எனக்கு வேண்டாம்.

ஆனால் அதே ஆண்டின் நாட்காட்டியைப் புரட்டுங்கள். ஜூன் 30: மேலூர் அருகே, தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசனும் அவருடைய தோழர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 11: மும்பை காட்கோபரில் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் மாண்டார்கள். அதைத் தாங்க முடியாமல் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே நான்கு நாள் கழித்து உயிரை விட்டார். டயானா சாவுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் நடந்தவை இவை. முருகேசனின் படத்தைக் கத்தரித்து ஒட்ட என் அத்தைக்குப் பேப்பரில் படம் கிடைக்கவில்லை. மேலவளவு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரம். பாரிஸ் எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இது வெள்ளையர், கறுப்பர் கணக்கு மட்டுமென்று நினைக்க வேண்டாம். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில், நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். ராணி எட்டு நாள் கழித்துத்தான் போனார். மிச்சமிருந்த கழிவு மலைகளை அகற்றும் செலவுக்கு, பொதுமக்கள் கொடுத்த துயர்நீக்க நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அரசு எடுத்துக்கொண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக வந்த காசு அது. வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்த ஆண்டு எது தெரியுமா? டயானா இறந்த அதே 1997. உழைப்பவர்களின் சாவுக்குத் துக்கம்கூடக் கடனாகத்தான் கிடைக்கிறது.

கூலிக்கு மாரடித்தவர்கள்

'கூலிக்கு மாரடிப்பது' என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. மனமொன்றாமல் வேலை செய்பவரைத் திட்டப் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் பாட்டிமார்கள். பண்ணை வீட்டில் சாவு விழுந்தால் என் அப்பாயிக்கு ஆள் வரும். வீட்டுக்குள் போக முடியாது. வாசலுக்கு வெளியே களத்து ஓரத்தில் நின்று மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். தாத்தா வெளியூர்ச் சொந்தங்களுக்கு இழவு சொல்ல நடந்தே போவார். பெரியப்பா பறையடிப்பார். வெட்டியானுக்கு விறகும் குழியும். கூலியாக ஒரு துண்டும் கொஞ்சம் நெல்லும். மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் சாவுச் செய்தியைச் சுமந்து ஊர் ஊராகப் போவது கட்டாய ஊழியமாக இருந்தது. அந்த வதன் முறையை ஒழிக்க அண்ணல் 1928இலேயே சட்டமன்றத்தில் போராடினார்.

ஆகவே பொதுத் துக்கம் நமக்குப் புதிதன்று. ஊடகம் வருவதற்கு முன்னால் செய்தி சொன்னவர்கள் நாம். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் சாவை ஊருக்கு அறிவித்தது நம் பறை. மற்றவர் சாவுகளைப் பெரிதாக்கும் உழைப்பு முழுவதும் நம்முடையது. நம் சாவுக்கோ பாதைகூட இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ராணியின் வண்டியை இழுத்த கயிற்றை உலகம் பார்த்து உருகியது. இந்தக் கயிறு செல்பேசியில் யாரோ எடுத்த காட்சியாக இருந்ததால்தான் செய்தியே ஆனது.

கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று உள்பக்கத்தில் நான்கு வரி. 1993க்குப் பிறகு இப்படி இறந்தவர்களைக் கண்டறிந்து, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இறந்தவர்களை எண்ணு என்று அரசுக்கு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எந்த உயிர் போனால் இழப்பு, எது போனால் வெறும் நிகழ்வு என்று பிரிக்கும் சட்டகத்தைப் பற்றி ஜூடித் பட்லர் எழுதியிருக்கிறார். சாதி அந்தச் சட்டகத்தை நூற்றாண்டுகளாக நடைமுறையில் வைத்திருக்கிறது.

டிசம்பர் 6 கற்றுத்தருவது

1956 டிசம்பர் 6 அன்று டெல்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் அண்ணல் மறைந்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். ஆலைத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். பம்பாயில் அவர் முன்னின்று நடத்தவிருந்த பௌத்த தீட்சையை, எரியும் சிதைக்கு முன்னாலேயே பிக்கு ஆனந்த கௌசல்யாயனிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றார்கள். அழுதுகொண்டே ஒரு முடிவையும் எடுத்த மக்கள் அவர்கள். தலைவரின் உடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் துக்கமாக அது முடியவில்லை. அவர் விட்ட வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. இந்திய அரசு பாரத ரத்னா கொடுக்க 1990 வரை காத்திருந்தது. மக்கள் காத்திருக்கவில்லை. இன்றும் டிசம்பர் 6 அன்று சைத்யபூமியில் பூக்கடைக்கு இணையாகப் புத்தகக் கடை நிற்கிறது. ஊடகங்களோ அன்று போக்குவரத்து நெரிசலைப் பற்றிச் செய்தி போடுகின்றன.

இதை அளவுகோலாக வைத்து நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பரமக்குடியில் 3 கோடி ரூபாயில் தியாகிக்கு மணிமண்டபம் என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்போம், அது நம் மக்களின் கால்நடைக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் அரசு நம் துக்கத்தைக் கையிலெடுக்கும்போது கேள்விகளை வாசலிலேயே கழற்றிவைக்கச் சொல்லும். 2011இல் சுடப்பட்டவர்களின் பெயர் மண்டபத்தில் இருக்குமா என்று நாம்தான் கேட்க வேண்டும். நம் நினைவேந்தல்களிலும் தலைவர் வரும் நேரத்துக்காக மக்கள் வெயிலில் காத்திருக்கிறார்கள். இறந்தவரின் படத்தைவிட அஞ்சலி செலுத்துபவரின் படம் பெரிதாக அச்சாகிறது. ஆணவக்கொலையில் போன நம் பெண்களில் எத்தனை பேருக்கு ஆண்டு நினைவு நடத்துகிறோம்? ஏற்பாடு செய்யப்பட்ட அரச துக்கத்தை விமர்சிக்கும் தகுதி, நம் பதாகைகளைச் சிறிதாக்கும்போதுதான் வரும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை விட்டுச் செல்கிறேன். ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் சாதியாலும் வேலையாலும் இறந்தவர்களின் பெயர், வயது, தேதி, அவர்கள் செய்த வேலை, அவர்களைப் பற்றி வீட்டார் சொல்வது ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே அரங்கில் அந்தப் பெயர்களை வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குவோம்.

நானும் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் அப்பாயி சாகும்போது எனக்கு ஆறு வயது. ஐப்பசி மழையில் செத்தாள் என்று மட்டும் வீட்டில் சொல்கிறார்கள். தேதி யாருக்கும் தெரியாது. பண்ணை வீட்டுச் சாவுகளின் திதியெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். பழைய இறப்புப் பதிவேட்டைப் பார்க்க மனு கொடுத்திருக்கிறேன். கிடைத்தால், நோட்டில் முதல் பெயராக அவள் பெயரை எழுதுவேன்.